‘கமீலியன்’ பாஸ் வரியோடு ஆறு வாரம்

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1973-இல் வெளியிட்ட ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பத்தின் முதல் உருப்படி ‘கமீலியன்’. 15 நிமிடம் 41 விநாடி ஓடும். அதன் பாஸ் வரியை, அதாவது அடியில் திரும்பத் திரும்ப ஓடும் கீழ்ஸ்தாயி மெட்டை, இடது கையில் நிறுத்திக்கொண்டு, வலது கையில் மனோதர்மமாக வாசிக்க வேண்டும். இந்த ஒரே ஆசையோடு ஆறு வாரத்துக்கு முன் உட்கார்ந்தேன். தொடக்கத்தில் வரும் அந்த பாஸை ஹான்காக்கே ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தார் என்பதால், என் 61 கட்டைக் கீபோர்டே போதுமானதாக இருந்தது.

முதல் வாரம் முழுக்க எடுப்பிலேயே போய்விட்டது. வரி ஒன்றாம் தட்டில் ஆரம்பிப்பதில்லை. மூன்று சுரங்கள் முன்னாலேயே கிளம்பி, அரையரைச் சுரமாக ஏறி, பி ஃபிளாட்டில் வந்து இறங்குகின்றன. நம் கணக்கில் அதீத எடுப்பு. இது பிடிபடும்வரை முதல் சுரத்தையே ஒன்றாம் தட்டு என்று எண்ணி, ஒவ்வொரு சுற்றிலும் டிரம்ஸோடு மோதிக்கொண்டிருந்தேன். அப்புறம் கீபோர்டைத் தொடாமல், கையால் தாளம் போட்டு வாயால் பாடினேன். இரண்டே நாளில் சரியானது.

இரண்டாம் வாரம் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. பி ஃபிளாட் மைனர் செவன், ஈ ஃபிளாட் செவன் என்று இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மாறி மாறி வருகின்றன. பி ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தும் சுரங்கள் கரகரப்ரியா ராகத்துடையவை. ஜாஸ்காரர்கள் டோரியன் என்பார்கள். ஆனால் பாஸ் ஏறும்போது காகலி நிஷாதத்தையும், அடுத்த பாதியில் அந்தர காந்தாரத்தையும் தொட்டுவிட்டுப் போகிறது. இரண்டும் அந்த ராகத்துக்கு அந்நிய சுரங்கள். அந்த ஒரு கணத்து உரசல்தான் வரிக்கு அவ்வளவு ருசியைக் கொடுக்கிறது.

தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டில் வைத்துத் தொடங்கினேன். மூன்றாம் வாரம் வலது கை சேர்ந்ததும் இடது கை கலைந்தது. வலது கை வேகமாக ஓடினால் பாஸும் கூடவே ஓடியது. ஒரு வாரம் வலது கைக்கு ஒரே ஒரு சுரம்தான் கொடுத்தேன். அதை எந்த இடத்தில் வைப்பது என்பதை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஐந்தாம் வாரம் போனில் பதிவு செய்து கேட்டபோது இன்னொரு குறை தெரிந்தது. ஒரு இடைவெளிகூட விடாமல் நிரப்பியிருந்தேன். உடனே ஆல்பத்தை மறுபடி போட்டேன். ஹார்வி மேசனின் டிரம்ஸ், பில் சம்மர்ஸின் தாளக்கருவிகள், பென்னி மாபினின் சாக்ஸபோன், பால் ஜாக்சனின் பாஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று இடம் விட்டே பேசுகின்றன. இந்த ஆல்பத்தில் கிட்டாரே கிடையாது. அந்த வெட்டு வெட்டான ஒலியைத் தருவது ஹான்காக்கின் கிளாவினெட் என்ற மின் கீபோர்டு. அதுவும் மற்றவர்கள் விட்ட சந்துகளில்தான் நுழைகிறது. இத்தனை வருடம் கேட்டும் இது என் காதில் விழவே இல்லை.

எனவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டு ஆவர்த்தனம் வாசித்தால் அடுத்த இரண்டு ஆவர்த்தனம் வலது கை சும்மா இருக்கும், பாஸ் மட்டும் ஓடும். முதல் சில நாள் கை துறுதுறுத்தது. இப்போது அந்த மௌனத்தில்தான் அடுத்த பிடி தோன்றுகிறது.

நேற்று 88-இல் நான்கு நிமிடம் நிற்காமல் வாசித்தேன். பாஸ் ஒரே ஒரு இடத்தில் தடுமாறியது. அடுத்து, பாட்டின் பின்பாதியில் தாளக்கட்டு மாறி ரோட்ஸ் என்ற மின்பியானோ வரும் பகுதி. அதை இன்னும் வாயால் பாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.