மெரூன் பெட்டிக்கு நிறம் தேடிய கதை: மூன்றாவது கலவையில் பிடிபட்டது

ரயில் பெட்டி என்றதும் எனக்கு மனசில் வருவது, நீலம் வருவதற்கு முன்னால் ஓடிய அந்த மெரூன்தான். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) பெட்டி ஒன்றை 1:87 அளவில் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம், என் மேசையில் 24.5 சென்டிமீட்டர். கூடு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாளும் போனது நிறத்துக்குத்தான்.

பழைய பெட்டியிலிருந்து உதிர்ந்த பெயிண்ட் செதில் ஒன்றை நண்பர் கொடுத்திருந்தார். நகத்தளவுதான். மேலே மெரூன், திருப்பினால் ரெட் ஆக்சைடு ப்ரைமர். அதோடு அச்சு அசலாக ஒத்துப்போகும் வரை கலந்து அடித்தேன். காய்ந்ததும் பெட்டி கறுத்துப்போய், கருகின வெல்லப்பாகு மாதிரி நின்றது.

காரணம் தூரம். மாடலை 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜப் பெட்டியை 52 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் எந்த நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். செதிலோ கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது.

சரி, வெளிறவைப்போம் என்று வெள்ளை சேர்த்தேன். சிவப்பில் வெள்ளை விழுந்தால் ரோஸ் மில்க்தான். அப்புறம் வெள்ளையை விட்டுவிட்டு, மணல் நிறமான பஃப் சேர்த்தேன். டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்டில் ஹல் ரெட் (எக்ஸ்.எஃப்-9) 10 சொட்டு, சிவப்பு (எக்ஸ்.எஃப்-7) 3, பஃப் (எக்ஸ்.எஃப்-57) 2. பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மொட்டைமாடி வெயிலில் பார்த்தேன். அதேதான்! டியூப்லைட்டில் மட்டும் பார்த்து எந்த நிறத்தையும் முடிவு செய்யாதீர்கள், இரண்டு முறை நான் ஏமாந்தது அங்கேதான்.

பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகிக்குச் சுத்தக் கறுப்பு அடிக்கவில்லை. இந்தப் பெட்டிகளில் பிரேக் கட்டை நேராகச் சக்கரத்தின் மேலேயே அழுந்தும். தேய்கிற இரும்புத்தூள் துருவேறி போகியிலும் பெட்டியின் அடிவிளிம்பிலும் படிந்துவிடும். டிஸ்க் பிரேக் உள்ள புது வகை எல்.ஹெச்.பி. பெட்டியில் இவ்வளவு இருக்காது. அதனால் அடர்சாம்பல் அடித்து, மேலே துருப்பழுப்பை மிக நீர்க்கக் கரைத்து ஓடவிட்டேன். ஸ்பிரிங் இடுக்கில் அது தேங்கி நின்றதைப் பார்த்தபோது நிஜமாகவே பிளாட்பார ஓரத்தில் குனிந்து பார்ப்பது போல இருந்தது.

இனி பளபளப்பு வார்னிஷ், மஞ்சள் எழுத்து டீக்கால் (ஒட்டுகிற மெல்லிய படலம்), கடைசியில் மேட் வார்னிஷ். எழுத்தின் மஞ்சளிலும் ஒரு சொட்டு பஃப் கலந்து ஸ்பூனில் அடித்துக் காயவைத்திருக்கிறேன்.