5 சென்டிமீட்டர், 12 வருடம்

மலேசிய உயரம் தாண்டுதல் வீரர் லீ ஹப் வெய்யைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உயரம் தாண்டுதல் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் மெத்தைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நிற்கும் டீச்சரும் நான்தான். மலேசியத் திடல்தடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வீரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

2007ல் ஜோர்தானின் அம்மான் நகரில் ஆசிய வெற்றியாளர் போட்டி. அப்போது அவருக்கு வயது 20. தாண்டியது 2.24 மீட்டர், கிடைத்தது தங்கம். அந்த உயரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபோஸ்பரி முதுகைக் கம்பிப் பக்கம் திருப்பித் தாண்டி உலகத்தையே வாய்பிளக்க வைத்தாரே, அன்றைக்கு அவர் தங்கம் வாங்கியதும் இதே 2.24ல்தான். நம் வீடுகளில் மெக்சிகோ என்றால் மலேசிய ஓட்டக்காரர் மணி ஜெகதீசன்தான் பேச்சு, 200 மீட்டர் அரையிறுதி, 20.92 விநாடி. அதே ஒலிம்பிக்கில் புகழ்பெற்ற பாணியில், அதே உயரத்தில், நம் நாட்டுப் பையன் ஆசியாவை ஜெயித்தான் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தரும் விஷயம்.

அப்புறம் வந்த வருடங்கள் லேசானவை அல்ல. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் தகுதிச் சுற்றோடு திரும்பினார். 2016 ரியோவுக்குப் போனவர் இன்னொரு மலேசிய வீரர் நவ்ராஜ் சிங். அடுத்த வருடம் சிங்கப்பூரில் நவ்ராஜ் 2.30 தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். லீக்கு அப்போது முப்பது நெருங்கிவிட்டது. தேசியச் சாதனையும் கையில் இல்லை, இனி அவ்வளவுதான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

"டீச்சர், ரெண்டு சென்டிதானே, ஏத்துங்க டீச்சர்" என்று என் மாணவி ஒருத்தி எப்போதும் அவசரப்படுவாள். அவளைக் கூப்பிட்டு அளவுகோலைப் பிடிக்கச் சொன்னேன். கம்பி 4 மீட்டர் நீளம், நடுவில் கொஞ்சம் தொய்யும். ஆகவே ஓரத்தில் அளக்கக் கூடாது, தொய்ந்த இடத்தில் மேல்விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும். நாற்காலியில் ஏறி நின்று, கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தால்தான் 2 சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்று தெரியும். ஓடி வருபவர் கடைசி சில எட்டுகளை வளைத்து வைக்கிறார், உடம்பு உள்பக்கம் சாய்கிறது, வந்த வேகம் முழுவதையும் ஒற்றைக் காலில் நிறுத்தி மேலே திருப்புகிறார். அந்த ஒரு கணத்தில் கணுக்காலும் முழங்காலும் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குகின்றன. இருபது வயதில் தாங்கும் கால் முப்பதில் கணக்குக் கேட்கும். உயரமோ அப்படியேதான் நிற்கும். வயதுக்காக ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கி வராது.

அதனால்தான் 2019 டோஹா எனக்குப் பெரிய விஷயம். உலக வெற்றியாளர் போட்டி. தகுதிச் சுற்றில் லீ 2.29 தாண்டினார். 32 வயதில், அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் மிகச் சிறந்த உயரம்! உலக வெற்றியாளர் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போன முதல் மலேசியர் அவர். அம்மானுக்கும் டோஹாவுக்கும் நடுவில் 12 வருடம். உயரத்தில் வித்தியாசம் 5 சென்டிமீட்டர், நம் மூன்று விரல் அகலம்தான்.

இறுதிச் சுற்று நடந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. சொந்த மண்ணில் கத்தார் வீரர் முதாஸ் பர்ஷிம் 2.37 தாண்டித் தங்கம் வாங்கினார், அரங்கமே எழுந்து நின்றது. லீ 2.27 தாண்டி எட்டாவது வந்தார். மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டே பக்கத்து மேசை அங்கிளிடம் இதைச் சொன்னேன். "எட்டாவதாம்மா?" என்றார், அதில் என்ன இருக்கிறது என்பது போல. "அங்கிள், உலகத்திலேயே எட்டாவது" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம ஆளா? எந்த ஊரு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். அது போதும் எனக்கு.

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் லீ இருந்தார், 34 வயதில். தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஆனால் முதல் ஒலிம்பிக்குக்கும் இதற்கும் 13 வருடம். ஒற்றைக் காலை நம்பிப் பிழைக்கும் விளையாட்டில் இவ்வளவு காலம் மேல்மட்டத்தில் நிற்பது பதக்கத்துக்குக் குறைந்தது இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் வருத்தம் வேறு. நல்ல மெத்தை இல்லாத பள்ளிகளில் பிள்ளைகள் இன்னமும் மணலில், கால்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு மேல் வீசும் கத்தரி பாணியில்தான் தாண்டிப் பழகுகிறார்கள். மணலில் முதுகைக் காட்டி விழச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. மெத்தையைப் பார்க்காமலேயே ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளைகளில் யாருக்கு அந்தக் கால் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாமல் போகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பந்துக்கும் ஜெர்சிக்கும் பணம் ஒதுக்கும்போது, மெத்தை என்று ஒரு வார்த்தை யாராவது எழுந்து சொல்லுங்கள்.

அடுத்த முறை புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போனால் எல்லாரையும் போல 100 மீட்டர் முடிவுக் கோட்டுக்கு நேராக இடம் பிடிக்காதீர்கள். மெத்தை எந்த வளைவுப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்து அங்கே போய் உட்காருங்கள். கம்பியைப் பார்க்காமல், ஓடி வருபவரின் கடைசி மூன்று எட்டைப் பாருங்கள்.