பனங்குற்றி ஏறப் பழகும் ஒரு பழைய 125: நாலு மாதக் குறிப்பு

என் பழைய 125 சிசி பைக்கை ட்ரையல்ஸ் என்ற விளையாட்டுக்குப் பழக்கும் வேலையை ஐப்பசியில் முதல் மழை விழுந்த கிழமை தொடங்கினேன். அளவெட்டியில் மாமாவின் காணி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் மூன்று பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டேன். அதற்கப்புறம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல் படி, பின்னால் செம்மண்ணில் ஒரு இறுக்கமான வளைவு. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஆனால் கல்லுக்கும் குற்றிக்கும் குறைவில்லை.

ட்ரையல்ஸ் என்று சொன்னால் இங்கே எல்லாரும் காட்டுப் பாதையில் ஓடும் ட்ரெயில் பைக் என்றுதான் விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. ட்ரையல்ஸில் யார் முந்துகிறார் என்ற கேள்வி இல்லை. பாறை, மரம், சேறு என்று குறித்துவைத்த ஒரு துண்டு நிலத்தைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தரம் கால் வைத்தால் 1 புள்ளி, இரண்டு தரம் என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தரம் என்றாலும் 3, விழுந்தாலோ துண்டை முடிக்காமல் விட்டாலோ 5. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். பல இடங்களில் நடந்து போகிறவர் கூட நம்மை முந்திவிடுவார்.

என்னிடம் இருப்பது பழைய 125 சிசி ஹொண்டா ட்ரெயில் பைக். நாலு ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர், வால்வுகளைத் திறக்கும் காம் தண்டு சிலிண்டருக்கு மேலே. ரோட்டில் அருமையாக ஓடும். குற்றிக்கு முன்னால் கொண்டுபோனால் வேறு கதை. முதல் நாள் பத்துத் தரம் முயன்றேன். ஏழு தரம் எஞ்சின் நின்றுவிட்டது. மிச்ச மூன்றில் இரண்டு தரம், நிற்கப் போகிறதே என்று த்ரொட்டில் பிடியைச் சற்று அதிகமாகத் திருகினேன், பின் சில்லு செம்மண்ணில் சுழன்று பக்கவாட்டில் போய்விட்டது. ஒரே எஞ்சினுக்கு இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து இருந்தன: மெதுவாகப் போனால் சாகிறது, கேட்டால் கேட்டதற்கு மேலே தருகிறது. ட்ரையல்ஸ் ஓட்டுபவர்கள் எஞ்சினில் தேடுவது இந்த இரண்டுக்கும் நேர் எதிரான குணத்தைத்தான் என்று அன்று உடம்பால் விளங்கியது.

முதலில் கியர் விகிதம். என் கைக்கு வந்தபோது முன்னால் 14 பல், பின்னால் 48. இப்போது முன்னால் 12, பின்னால் 54. பின் பல்சக்கரத்தை ஒரு லேத் பட்டறையில் வெட்டி எடுத்தேன். விகிதம் 3.43 இலிருந்து 4.5 ஆனது, அதாவது ஏறக்குறைய முப்பது வீதம் இழுவை கூடியது. முதல் கியரில் நடை வேகத்துக்கு வந்துவிட்டது. பத்துத் தரத்தில் ஐந்து தரம் நின்றது. அவ்வளவுதான் மாற்றம். கியர் மட்டும் போதாது என்பது உறுதியானது.

அப்புறம் கராஜ் அண்ணையிடம் போனேன். அவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கிக்கரை ஒரு தரம் கையால் அமத்திப் பார்த்தார்.

"தம்பி, உதுக்கு வலு வேண்டாம். சாகாமல் நிண்டால் காணும். கொம்பிரசனைக் குறைப்பம்."

கொம்பிரசன் என்றால் சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அழுத்தம். அதைக் குறைப்பது அவர் கையில் ஊறிப்போன வேலை. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல அழுத்தம் தாங்காது. தானாகப் பற்றிக்கொண்டு எஞ்சின் அடிக்கும். ஆகவே சிலிண்டர் இணைப்பில் வைக்கும் காஸ்கெற் தகட்டைக் கூடுதலாக வைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த எஞ்சின் எப்படி நடக்கும் என்று அண்ணைக்குக் காதால் தெரியும். வேகம் இல்லை, ஆனால் மெல்லிய சத்தத்தோடு பிடிவாதமாக உருண்டுகொண்டே இருக்கும் என்றார். ட்ரையல்ஸ் எஞ்சினுக்கு நான் வாசித்துவைத்த இலக்கணத்தை அவர் ஒரு வரியில் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிஸ்ரனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே ஊசிக்குழாயால் எண்ணெய் விட்டு அளந்தோம்: 14.8 சிசி. 124 சிசி எஞ்சினுக்கு அழுத்த விகிதம் ஏறக்குறைய 9.4 க்கு 1 என்று வருகிறது. சிலிண்டருக்குக் கீழே 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வைத்தோம். சிலிண்டரின் குறுக்களவு 56.5 மில்லிமீற்றர், ஆகவே இந்த ஒரு மில்லிமீற்றர் 2.5 சிசி இடத்தைக் கூட்டும். விகிதம் 8.2 க்கு இறங்கியது. ஹொண்டா 1973 இல் கொண்டுவந்த டீஎல் 125 ட்ரையல்ஸ் பைக்கில் இது 8 க்கு 1. அந்த எஞ்சினும் இதே போன்ற சாதாரண 125 ஒன்றிலிருந்து வந்ததுதான். சரியான பாதையில் இருக்கிறோம் என்று துணிவு வந்தது.

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும். காம் மேலே உள்ள எஞ்சினில் சிலிண்டரை உயர்த்தினால் காம் செயின் போகும் தூரமும் கூடும். அதனால் காம் சற்றுப் பிந்தித் திரும்பும். உள்வாங்கும் வால்வு பிந்தி மூடினால், மெதுவாக ஓடும்போது உறிஞ்சிய காற்றில் ஒரு பங்கு திரும்ப வெளியே போய்விடும். நமக்குத் தேவையான அடிமட்ட இழுவைதான் அதில் போகும். பூட்டிய பிறகு காம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறிகள் நேராக வரவில்லை என்று அண்ணை பார்த்துவிட்டார். காம் பல்சக்கரத்தின் துளைகளை அரத்தால் நீட்டி, குறிக்கு நேராக நிறுத்தி இறுக்கினார். இரண்டு பின்னேரம் போனது. அந்த வேலையை விட்டிருந்தால் தகடு வைத்ததில் பாதிப் பயனும் கிடைத்திருக்காது.

கார்த்திகை முழுவதும் பிளைவீல், அதாவது எஞ்சினோடு சுற்றும் பாரச் சக்கரம். என் கணிப்பில் ட்ரையல்ஸ் எஞ்சினின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம்தான் வெடிக்கும். நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடினால் வினாடிக்குப் பத்து வெடிப்பு. குற்றியில் முட்டி 600 க்கு இறங்கினால் ஐந்துதான். இரண்டு வெடிப்புக்கு நடுவில் எஞ்சினைச் சுற்றவைப்பது பிளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம். பாரம் கூடினால் எஞ்சின் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். அதே பாரம் திடீரென்று வேகம் எடுக்கவும் விடாது, ஆகவே சில்லு சுழல்வதும் குறையும். முதல் நாள் கண்ட இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றுதான். பாரத்தை மையத்தில் போட்டால் பயனில்லை, விளிம்பில் போட வேண்டும். மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் பலன் நாலு மடங்கு.

900 கிராம் இரும்பு வளையம் ஒன்று கடைந்து, பிளைவீலாகச் சுற்றும் காந்த ரோட்டரைச் சுற்றி வெல்டிங் செய்தேன். அது பிழையாகப் போனது. வெல்டிங் சூட்டில் ரோட்டருக்குள் இருக்கும் காந்தங்கள் பலம் குறைந்துவிட்டன. கிக்கர் அடித்தால் பொறி மங்கலாக வந்தது, சூடானதும் அதுவும் இல்லை. அந்த ரோட்டரை மீட்க முடியவில்லை. பழைய சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி இன்னொன்று கண்டுபிடிக்க மூன்று கிழமை எடுத்தது. இரண்டாம் தரம் வளையத்தின் உட்புறத்தை ரோட்டரை விட 0.1 மில்லிமீற்றர் சிறிதாகக் கடைந்தோம். வளையத்தை மட்டும் சூடாக்கி, குளிர்ந்த ரோட்டரின் மேல் இறக்கினோம். ஆறும்போது அதுவே இறுகிக்கொண்டது. பிறகு லேத்தில் ஏற்றி, தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று பார்த்துத்தான் பூட்டினேன். இந்த வளையம் கழன்றால் காலுக்குப் பக்கத்தில் கழலும், அதனால் இதில் அவசரம் கூடாது.

மார்கழியில் மழை விட்ட ஒரு காலை. பத்துத் தரத்தில் இரண்டு தரம் மட்டும் நின்றது. முதல் குற்றியில் முன்சில்லு ஏறும்போது சத்தம் தாழ்ந்து, தாழ்ந்து, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்டு, பிறகு தானே எழும்பியது. நான் திருகவே இல்லை.

மிச்ச இரண்டும் காபரேற்றரால். ட்ரையல்ஸில் த்ரொட்டில் பெரும்பாலும் கால்வாசிக்குக் கீழேயே இருக்கும். அங்கே ஆட்சி செய்வது சின்னத் திறப்பில் பெற்றோல் விடும் பைலட் ஜெற்றும், காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடின் வெட்டும்தான், முழுத் திறப்புக்கான மெயின் ஜெற் அல்ல. பெரிய வாயுள்ள காபரேற்றரில் மெதுவான எஞ்சின் இழுக்கும் காற்று சோம்பிப்போகும், பெற்றோல் நன்றாகத் தூவப்படாது, திறந்த கணத்தில் ஒரு தடங்கல் வரும். 90 சிசி பைக் ஒன்றின் சின்னக் காபரேற்றரை மாற்றிப் போட்டு, பைலட் ஜெற்றை ஒரு படி கூட்டினேன். தடங்கல் போய்விட்டது. மேல் வேகமும் போய்விட்டது. சுன்னாகம் போய் வருவதற்கு இனி இந்த பைக் சரிவராது, எனக்கு அதில் வருத்தமில்லை.

சின்ன எஞ்சினா பெரிய எஞ்சினா, இரண்டு ஸ்ட்ரோக்கா நாலு ஸ்ட்ரோக்கா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை 1964 இல் 500 சிசி நாலு ஸ்ட்ரோக் ஏரியல் பைக்கில் வென்றார். அடுத்த வருடம் 244 சிசி இரண்டு ஸ்ட்ரோக் புல்டாக்கோவில் வென்றார். 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகப் பட்டம் எடுத்த டோனி போவின் மொன்டேசா மீண்டும் நாலு ஸ்ட்ரோக். என் கணிப்பில் கேள்வி அதுவல்ல. விரல் எவ்வளவு அசைந்ததோ அவ்வளவுதான் பின்சில்லுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி. கல்லுக்குக் கல் பாய்கிறவர்களுக்கு எஞ்சின் சட்டென்று எழும்ப வேண்டும், அவர்களுக்கு என் வளையம் பாரமாக இருக்கும். நான் இன்னும் பாய்வதில்லை.

தை பிறந்து இரண்டாம் ஞாயிறு அண்ணையையும் காணிக்குக் கூட்டிப்போனேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். இரண்டாம் குற்றியில் நின்றே விட்டார் என்று நினைத்தேன். எஞ்சின் தட்டிக்கொண்டே இருந்தது, கால் கீழே வரவில்லை, மெல்ல இறங்கி மூன்றாவதையும் கடந்தார். கல் படிக்கு முன்னால் நிறுத்திவிட்டு இடது கையை உதறினார்.

"எஞ்சின் சரி தம்பி. இந்தக் கிளச்சை ஒரு விரலால பிடிக்கிற மாதிரிச் செய். நாலு விரலும் கேட்குது."

லீவரை நீட்டுவதா, கிளச் தட்டுக்கு மெல்லிய ஸ்பிரிங் போடுவதா என்று இந்தக் கிழமை பார்க்கிறேன்.