அளவை: நெல்லுக்கும் அறிவுக்கும் ஒரே சொல்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று பள்ளியில் படித்த அதே அளவைதான் தருக்க நூல்களிலும் வருகிறது. நாழி நெல்லை அளப்பதுபோல, ஓர் அறிவு சரியா என்று அளக்க உதவுவது அளவை. வடமொழிப் 'பிரமாணம்' பிறந்த விதமும் இதுவே. அதன் வேரான 'மா'வுக்கும் அளத்தல் என்றே பொருள். (பிரமாணப் பத்திரம் என்று எழுதி வாங்குகிறோமே, அந்தப் பிரமாணம்தான்.)

'தர்க்கம்' பேச்சுவழக்கில் வாய்ச்சண்டையாகிவிட்டது. நியாயம் என்னும் தருக்கப் பிரிவின் நூல்களிலோ அது, 'நெருப்பே இல்லையென்றால் புகை எப்படி வந்திருக்கும்?' என்று எதிர்வாதியை மடக்கும் துணைக்கருவி. அளவைகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி என்னும் வைதிகத் தருக்கவாதி 10 அளவைகளை அடுக்குகிறான். 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இரண்டே போதும் என்கிறார்: காட்சி (நேரில் காண்பது), கருத்தளவு. கருத்தளவு என்பது அனுமானம். இன்று 'அனுமானமாகச் சொன்னேன்' என்றால் குத்துமதிப்பு என்று அர்த்தம். நூலில் அதற்குக் கட்டுக்கோப்பான உறுப்புகள் உண்டு. 'இம்மலை நெருப்புடைத்து' என்பது பக்கம், அதாவது நிறுவ வந்த கூற்று. 'புகையுடைத்து ஆதலால்' என்பது ஏது, அதாவது காரணம். 'அடுக்களை போல்' என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டைப் பொருத்திக் காட்டும் உபநயம், முடிவைச் சொல்லும் நிகமனம் என்று இன்னும் இரண்டு உண்டு. அவை திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகளே சுருக்கிவிடுகிறார்.

வாதம் பெரும்பாலும் முறிவது ஏதுவில்தான். ஏது, பேசப்படும் பொருளில் (இங்கே மலையில்) இருக்க வேண்டும். அடுக்களை போன்ற ஒத்த இடத்தில் காணப்பட வேண்டும். நெருப்பில்லாத மாறான இடத்தில் அறவே இருக்கக் கூடாது. மலைமேல் தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீருமுன்னே அதைப் புகை என்று கொண்டு நெருப்பைத் துணிந்தால் முதல் நிபந்தனையே நிற்காது. 'சத்தம் நித்தம், பண்ணப்படுதலின்' (ஒலி அழியாதது, ஏனெனில் அது உண்டாக்கப்படுகிறது) என்பது அதைவிட மோசம்: பண்ணப்பட்டது அழியும், ஆகவே சொன்ன ஏதுவே சொன்னவனுக்கு எதிர்சாட்சி. இதற்கு விருத்தம் என்று பெயர்.

அடிக்கடி நடக்கும் கோளாறு, ஏதுவைத் திருப்பிப் போடுவது. புகையிலிருந்து நெருப்புக்குப் போகலாம். நெருப்பிலிருந்து புகைக்குப் போக முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை வரும். சொல்லாமல் விட்ட அந்த நிபந்தனையை நியாய நூலார் 'உபாதி' என்பார்கள்.