கிரீஸ் படிந்த ஜெபமாலை

என் வீட்டுக்காரர் சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு சுணங்கும் நேரம் அது. எங்கள் வீட்டில் மட்டும் அதுதான் அறுவடை. படகு கரையில் நிற்கும்போதுதானே இன்ஜினைக் கழற்ற முடியும்? மூன்று வருடத்துக்கு முன்பு அப்படியொரு தடைக்காலத்தில், மே 30 விடியற்காலையில், அவர் போய்ச்சேர்ந்தார்.

அதற்கு முன் ஒன்றரை வருடம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அந்தச் செலவு கையைக் கடிக்கவில்லை; ஆட்டோவும் ஊசியும் மருந்தும், நின்றுபோன சம்பாத்தியமும்தான் எங்களைக் கடனில் இறக்கின. தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாக்கு வறண்டால் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொள்வார். "காசிமேட்டுக்காரனுக்கு ஐஸுக்கா பஞ்சம்?" என்று சிரிப்பார். உப்புக்குத் தடை, கருவாட்டுக்கு முழுத் தடை.

நான் சும்மா இருக்கவில்லை. பெரம்பூர் லூர்து மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டேன். அவர் பிழைக்கவில்லை, நான் நடக்கவும் இல்லை. அந்தக் கணக்கு எனக்கும் மாதாவுக்கும் நடுவில் இன்னும் தீராமல்தான் கிடக்கிறது.

கடைசி இரவில் பங்குச் சாமியார் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். மறுநாள் அடக்கத் திருப்பலி, பிறகு காசிமேட்டுக் கல்லறை. பெட்டியை மூடும் முன் சொந்தக்காரப் பெண்கள் சிலர் என் கழுத்தைத் தேடினார்கள். கழற்றுவதற்குத் தாலி இல்லை. புறா பதித்த அந்தத் தாலி நான்கு மாதமாக வண்ணாரப்பேட்டை அடகுக் கடையில் இருந்தது. அந்தச் சடங்கிலிருந்து என்னைக் காப்பாற்றியது வறுமைதான். அன்று அழுகையின் நடுவே அதற்காக நன்றி சொன்னேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தது, வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் அலைந்தது எல்லாம் தனிக்கதை. இங்கே வேண்டாம்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "ஆண்டவர் நல்ல பூவைத்தான் முதலில் பறிப்பார்" என்று எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? டீசல் வாடையும் பீடி வாடையுமாக வீட்டுக்குள் நுழைகிற அந்த மனிதரைப் பூ என்று அதுவரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்னொருவர், ஆண்டவர் தாங்க முடிந்தவர்களுக்குத்தான் சோதனை தருவார் என்றார். அப்படியானால் நான் கொஞ்சம் பலவீனமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்க நினைத்தேன். காபிதான் கொடுத்தேன்.

அன்பியத்தார், அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழுவினர், ஏழு நாள் மாலையும் வந்து ஜெபமாலை சொன்னார்கள். ஏழாம் நாள் பூசை முடிந்ததும் வாடகை நாற்காலிகள் போயின, கூடவே ஆட்களும் போனார்கள். தினமும் வந்துகொண்டிருந்தது ஒரே ஒருவர்: எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா. வியாபாரம் முடிந்து ஐந்து மணிக்கு வருவார். வாசற்படியில் உட்கார்ந்து என் வீட்டுப் பூண்டை எடுத்து உரிப்பார். விளக்கு வைத்ததும் எழுந்து போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்குக் கோவிலும் பழக்கமில்லை.

தூக்கம் வராத ஓர் இரவில் விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைப் பிரித்தேன். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்தார்களாம், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை எல்லாம் சரி. பிறகு வாய் திறந்தார்கள், அதிகாரம் அதிகாரமாக விளக்கம் சொன்னார்கள். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது புலம்பிய யோபுவிடம் அல்ல, விளக்கம் சொன்னவர்களிடம். பூண்டு உரிக்கிற அக்காவை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளே பட்டறைப் பையன்கள் அவருடைய கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உள்ளே ஸ்பேனர்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஜெபமாலை. நீல மணியாக இருந்திருக்க வேண்டும். கிரீஸ் ஏறி முழுக்கக் கறுத்திருந்தது. பிடித்தால் விரல் நுனியில் மை ஒட்டும். சொந்த வார்த்தையில் ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஆண்டவரோடு சண்டைதான் வந்தது. ஜெபமாலையின் 53 மணிக்குச் சொந்த வார்த்தை தேவையில்லை, வாய்க்குத் தெரிந்ததை வாய் சொல்லிக்கொண்டு போகும். முதல் நன்மை வாங்கிய சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் மாதா ஜெபத்தில் "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று ஒரு வரி இருப்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அந்த விடியற்காலைக்கும் சேர்த்து நான் எத்தனை ஆயிரம் முறை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன்!

ஒரு சிக்கல். ஜெபமாலையில் ஒவ்வொரு கிழமைக்கும் இயேசு, மாதா வாழ்க்கையிலிருந்து தியானிக்க மறையுண்மைகள் என்று சில நிகழ்ச்சிகள் உண்டு. செவ்வாய், வெள்ளியில் துயர மறையுண்மைகள். புதன், ஞாயிறில் மகிமை. புதன் வந்தால் எனக்கு மகிமை வாயில் வரவில்லை. எல்லா நாளும் துயரத்தையே சொன்னேன், மாதக்கணக்கில். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் பாவமாகவே சொல்லிவிட்டேன். சாமியார் சிரிக்கவில்லை. "கெத்சமனியில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைத்தானம்மா சொன்னார். நீங்களும் சொல்லிக்கொண்டிருங்கள். புதன்கிழமை எங்கேயும் போய்விடாது" என்றார்.

முப்பதாம் நாள் பூசை ஜூன் 28-இல் விழுந்தது. மறுநாள் இராயப்பர், அதாவது பேதுரு, திருநாள். மீனவரான இராயப்பரின் பெயரைத்தான் எங்கள் இராயபுரமே சுமந்துகொண்டிருக்கிறது, ஊருக்கே கொண்டாட்டம். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா அன்றும் வந்தார், சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் படியில் பூண்டுத் தோல்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காசிமேட்டுக் கல்லறையில் கால் வைக்க இடமில்லை. சுண்ணாம்பு வாசனை, செவ்வந்தி, மெழுகு உருகும் சூடு. எங்கள் மேட்டுக்கு நானே வெள்ளையடித்தேன், சிலுவையைத் துடைத்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். சாமியார் தீர்த்தம் தெளித்து நகர்ந்த பிறகு, ஐந்து மாதத்தில் முதல் முறையாக வாய் திறந்தார்.

"தப்பாக நினைக்காதே தங்கச்சி. உன் வீட்டுக்காரர் சாவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் நெத்திலிக் கருவாடு வாங்கினார். பட்டறைப் பையன்கள் சுட்டுக் கொடுத்தார்களாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று…"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறையில், அத்தனை பேர் நடுவில், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தத் திருட்டு மனிதர்! ஒரு நெத்திலி செய்கிற வேலை இல்லை அக்கா அது, என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார். ஐந்து மாதமாக என் வாசலில் அதைத்தான் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"காசு கொடுத்தாரா?" என்று கேட்டேன்.

"எங்கே கொடுத்தார்? எண்பது ரூபாய்."

பர்ஸைத் திறந்து கொடுத்தேன். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, எண்ணிப் பார்த்து வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.