கவுண்ட் பார்க்காமல் கணக்குப் போட முடியாது

கோவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அதே அவினாசி சாலையில்தான் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா இருக்கிறது. மில்களின் உற்பத்தித் திறனை ஒப்பிடும்போது அங்கே 40ஸ் நூல் ஓட்டும் மில்லையும் 80ஸ் ஓட்டும் மில்லையும் வெறும் கிலோவால் அளக்க மாட்டார்கள். 40ஸ், 80ஸ் என்பது நூலின் கவுண்ட்; எண் கூடக் கூட நூல் மெல்லிசு. எல்லாவற்றையும் 40ஸ் கவுண்ட்டுக்கு மாற்றிவிட்டுத்தான், 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி என்று பார்ப்பார்கள். விமான நிலையத்தின் உற்பத்தித் திறனை அளப்பவர்கள் பலர், இப்படி ஒரே அளவுக்குக் கொண்டுவரும் படியை விட்டுவிடுகிறார்கள்.

விமான நிலையக் கணக்கில் ஒரு பயணி, அல்லது 100 கிலோ சரக்கு, ஓர் அலகு. 150 பயணிகளும் 2 டன் சரக்கும் என்றால் 170. ஆண்டு மொத்தத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். யாருடைய ஆட்கள் என்பதில்தான் கணக்கு கெடும். பாதுகாப்புக்கு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை, பெட்டி ஏற்றவும் துப்புரவுக்கும் ஒப்பந்தக்காரர்கள். நிலையத்தின் சம்பளப் பட்டியலை மட்டும் எடுத்தால், ஒரு பிரிவை ஒப்பந்தத்துக்கு விட்ட மறுநாளே உற்பத்தித் திறன் கூடியதாகத் தெரியும். வேலை அப்படியேதான் இருக்கும். நுழைவுப் பாஸ் வைத்து ஷிப்டுக்கு வருகிற எல்லோரையும் எண்ணுவதே நியாயம்.

சேலம் காமலாபுரத்தில் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். 70 பேர் ஏறும் ஏடிஆர் ரக சிறிய விமானம்தான் அதற்குப் பொருத்தம். கோவையில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். 180 இருக்கை ஏ320 விமானம் தாராளமாக இறங்கும். ஆனால் இறங்கிய விமானங்களை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்று என்றே கணக்காகும். 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் தந்த டிஇஏ முறை, உள்ளீட்டையும் வெளியீட்டையும் வைத்து நிலையங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் தரும். அதில் ஓடுபாதையைக் குறைக்கக்கூடிய உள்ளீடாகச் சேர்த்தால் சேலத்துக்குத் தேவையில்லாத கெட்ட பெயர். மாற்ற முடியாத உள்ளீடு என்று தனியே வைக்க வேண்டும். 3 உள்ளீடு, 3 வெளியீடு என்றால் குறைந்தது 18 நிலையங்களாவது பட்டியலில் வேண்டும். குறைந்தால் ஆளாளுக்கு முழு மதிப்பெண் வந்துவிடும்.

நாள் சராசரியும் ஏமாற்றும். ஏ320 நின்று கிளம்ப 30, 40 நிமிடம். இறக்கி, சுத்தம் செய்து, ஏற்றுவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எரிபொருளும் பெட்டியும் பக்கவாட்டில் நடக்கும். அதனால் பெட்டி வண்டியை வேகப்படுத்தினால் பெரும்பாலும் பயன் இல்லை, சுத்தம் செய்பவர்களைக் கூட்டினால் உண்டு. இடைவெளி சேர்த்தால் ஒரு நிறுத்துமிடத்துக்கு மணிக்கு ஒரு விமானம்தான். நான்கு நிறுத்துமிடம் இருக்க, காலையில் அரை மணிக்குள் ஐந்து வந்தால் ஐந்தாவது காத்துத்தான் ஆக வேண்டும். மதியம் எல்லாம் காலியாகக் கிடந்தது அதற்கு உதவாது.

திருப்பூர் பனியன் சரக்கு பெரும்பாலும் கப்பலில் போகிறது. அவசர ஆர்டர் மட்டும் விமானத்தில். அதிலும் ஒரு பகுதி லாரியில் கொச்சிக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஏறுகிறது. ஒவ்வொரு டன்னுக்கும் 10 அலகு அந்த ஊர்க் கணக்கில் சேரும். கோவையின் திறனை எழுதுபவர், லாரியில் வெளியேறிய அந்த டன்னையும் தனிப் பத்தியில் குறித்து வைக்க வேண்டும்.