பில் போட்ட தேதியும் பணம் வரும் தேதியும்

கோவையில் கணபதி, பீளமேடு, இடையர்பாளையம் பகுதிகளிலுள்ள சிறிய லேத் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். பம்ப்செட்டும் ஜவுளி இயந்திரங்களும் வாகன உதிரிபாகங்களும் தயாரிக்கும் நிறுவனங்கள் வார்ப்பையோ இரும்பையோ கொடுத்தனுப்ப, அதைக் கடைந்து, துளையிட்டு, அளவு சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் இந்தப் பட்டறைகளின் பிழைப்பு. உரிமையாளரும் இரண்டு மூன்று தொழிலாளர்களும் சேர்ந்து உழைக்கும் இடங்கள் இவை. உரிமையாளரே ஒரு இயந்திரத்தின் முன் நிற்பார்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12 சதவீத அடுக்கு நீக்கப்பட்டபோது, விலை குறையும் பொருள்களைப் பற்றியே எங்கும் பேச்சாக இருந்தது. அதே நாளில் இந்தப் பட்டறைகளின் ஜாப் ஒர்க் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்திற்கு ஏறியது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது 18 சதவீதமாக இருந்து, தொழில் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்ட பின் 2019 அக்டோபரில் 12 ஆகக் குறைக்கப்பட்ட விகிதம் அது. வேலை கொடுக்கும் நிறுவனம் இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்வதால் 12 என்றாலும் 18 என்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். கைக்குப் பணம் வரும் நாளைக் கணக்கில் சேர்க்காதவரைதான் அந்தப் பதில் சரி.

மாதம் 2,00,000 ரூபாய்க்கு வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் போட்ட பில்லுக்கான வரி 36,000 ரூபாய். அதைப் பிப்ரவரி 20க்குள் கட்டியாக வேண்டும். காலாண்டுத் தாக்கல் திட்டத்தில் இருந்தால் சில நாள்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியாவது இருக்குமா என்றால், பட்டறையின் செலவில் பெரும்பகுதி கூலியும் மின்கட்டணமும். கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்சாரத்திற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கட்டிங் டூல், எண்ணெய் போன்றவற்றில் கிடைக்கும் வரவு சொற்பம். ஆகவே ஏறத்தாழ முழுத் தொகையையும் ரொக்கமாகவே கட்ட வேண்டியிருக்கிறது. முன்பு 24,000 ஆக இருந்தது இப்போது 36,000. பில்லுக்கான பணமோ ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் வரும். அதற்குள் பிப்ரவரி, மார்ச் பில்களுக்கான வரியும் கட்டப்பட்டிருக்கும். வராத பணத்திற்காக ஒரு லட்சத்துக்கும் மேலான தொகை, ஒரு சிறு பட்டறையிலிருந்து ஆண்டு முழுவதும் வெளியே நின்றுகொண்டே இருக்கிறது. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு. தாக்கல் செய்யாவிட்டால் வாங்குபவரின் வரவுப் பட்டியலில் பில் ஒழுங்காக ஏறாது. அதையே காரணம் காட்டிப் பணத்தை மேலும் நிறுத்திவைப்பார்கள்.

வாங்கும் நிறுவனத்தின் நிலை இதற்கு நேரெதிரானது. பில் அதன் பட்டியலில் வந்தவுடன், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமலேயே, அந்த 36,000 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். பட்டறைக்குப் பணம் கொடுக்க ஜிஎஸ்டி சட்டம் அதற்கு 180 நாள் அவகாசம் தருகிறது. அதைத் தாண்டினால்தான் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், எழுத்து வடிவ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் குறு, சிறு நிறுவனங்களின் பணத்தை நிறுத்தக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். ஒரே நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்கள், ஒரே பில்லுக்கு 45 என்றும் 180 என்றும் இரண்டு கெடு வைத்திருக்கின்றன. இவற்றில் கடைப்பிடிக்கப்படுவது எது என்பதற்கு நான் எழுதும் பேரேடுகளே சாட்சி.

இதைச் சரிசெய்யத்தான் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கியை, வாங்கும் நிறுவனம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் தன் வருமானத்திலிருந்து செலவாகக் கழிக்க முடியும். நோக்கம் நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஜூன் மாத பில்லுக்கு டிசம்பரில் பணம் கொடுத்தாலும், இரண்டும் ஒரே நிதியாண்டுக்குள் அடங்குவதால் வாங்குபவருக்கு எந்த இழப்பும் இல்லை. மார்ச் 31 அன்று நிற்கும் பாக்கிதான் அவருக்குத் தொந்தரவு. அதனால் மார்ச் கடைசி வாரத்தில் செக்குகள் வந்து குவிகின்றன, ஏப்ரலில் பழையபடி எல்லாம் நின்றுவிடுகிறது. இந்தப் பாதுகாப்புக்கு அடிப்படையான, குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவை ரத்து செய்தால் தொடர்ந்து வேலை தருகிறோம் என்று ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் சொல்ல, அதற்கு இணங்கிய பட்டறையின் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

தாமதத்திற்கு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமை 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்திற்குப் போகலாம். இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் எந்த வார்ப்பைக் கடைவது? உரிமையைப் பயன்படுத்துபவர் வேலையை இழப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, அந்த உரிமையைக் காட்டி அரசு தன் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது.

இடைவெளியை நிரப்புவது வீட்டு நகை. வங்கியின் நடைமுறை மூலதனக் கடனுக்குப் பெரும்பாலும் பிணையும் இருப்புநிலைக் குறிப்பும் கேட்கிறார்கள்; நகைக்கடன் அரை நாளில் கிடைக்கும். ஆகவே வரி கட்டும் தேதிக்கு முன் வளையலோ ஆரமோ வங்கிக்குப் போகிறது. பேமெண்ட் வந்ததும் மீட்கலாம் என்று வைத்தது, வந்த பணம் கூலிக்கும் மின்கட்டணத்திற்கும் போய்விடுவதால், ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கப்படுகிறது. தங்கத்தின் விலை ஏறியதால் அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைப்பதை நிம்மதியாக நினைப்பவர்கள் உண்டு. அது கடனைத்தான் பெருக்குகிறது. இந்த வட்டியைப் பலர் பட்டறைக் கணக்கில் காட்டுவதில்லை. நகை மனைவியின் பெயரில், கடனும் மனைவியின் பெயரில் இருப்பதால் அது வீட்டுச் செலவாகவே எழுதப்படுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் எடுத்து வைக்க நகை இருப்பதில்லை. தொழில் லாபத்தில் இயங்குவதாகக் காகிதத்தில் தெரியும். அதைத் தாங்கி நிற்பது குடும்பத்தின் சேமிப்பு என்பது எந்தப் படிவத்திலும் பதிவாகாது.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதுமல்ல. ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரியில், 50 லட்சம் ரூபாய் வரை சேவை அளித்த தனிநபர்களும் கூட்டாண்மை நிறுவனங்களும் பணம் கைக்கு வந்த பின் வரி கட்டலாம் என்ற ஏற்பாடு இருந்தது. பிரிட்டனின் மதிப்புக் கூட்டு வரியில் சிறு தொழில்களுக்கு இத்தகைய முறை இன்றும் இருக்கிறது. ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு அதைத் திரும்பக் கொடுத்து, வாங்குபவரும் பணம் கொடுத்த பிறகே வரவு எடுக்கலாம் என்று விதித்தால், கருவூலத்திற்கு இழப்பே வராது: பட்டறை 36,000 ரூபாயைத் தாமதமாகக் கட்டும் அதே காலத்திற்கு, வாங்கும் நிறுவனமும் அந்த 36,000 ரூபாயைக் கழிக்காமல் தன் வரியை முழுதாகக் கட்டியிருக்கும்.